வீட்டில் மூன்று நாள் வைத்த வைரம்

1. குன்னூரில் எங்கள் தெருவின் மேல்கோடியில் இருக்கும் பெரியம்மா, தன் ஏழு கல் வைரத் தோடு ஒரு ஜோடியை எங்கள் வீட்டில் கொடுத்தார். வாங்க இருந்தவள் நான்.

2. ஆசாரியை வைத்துக் கற்களைப் பிரித்துச் சோதித்தேன். ஒரு கல்லில் விரிசல் இருந்தது.

3. மறுநாள், அப்பா வேலை பார்க்கும் தேயிலை பாக்டரியை மூடப்போவதாக அறிவித்தார்கள்.

4. அன்று மாலை, கற்களைத் திருப்பிக் கொடுக்கும்படி அப்பா சொன்னார்.

இரண்டாவதற்கும் நான்காவதற்கும் தொடர்பில்லை. விரிசலைப் பற்றி அப்பா அன்று கேட்கக்கூட இல்லை. அவரைப் பயமுறுத்தியது மூன்றாவது.

எங்கள் பக்கத்தில் வைரத்தைப் பார்த்தவுடன் வாங்க மாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்திருப்பார்கள். கெட்டது எதுவும் நடக்காவிட்டால் வாங்குவார்கள். நடந்தால் கல் திரும்பிப் போகும். அப்படித் திரும்பிப் போன கல்லை ஊரில் வேறு யாரும் தொட மாட்டார்கள். பெரியம்மாவுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிப்புக் கூலிக்கே போதவில்லை. மகளுக்கு நர்சிங் கடைசி வருடம். தோடு விற்காவிட்டால் அவள் படிப்பு நிற்கும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நகைக்கடையில் கல் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன்; அப்போது விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். தோடு பழைய பாணியில் செய்தது. கற்களின் பின்பக்கத்தைத் தங்கத் தகடு மூடியிருந்தது. அப்படிக் கட்டிய வைரத்தை நம்பக் கூடாது. பின்னால் இருக்கும் தகடு ஒளியைத் திருப்பி அனுப்பி மங்கலான கல்லையும் மின்ன வைக்கும். ஓரத்துக் கீறல் தங்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிரித்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடுவதே நல்லது. பெரியம்மா மறுக்கவில்லை. “பிரிச்சே பாரு அம்முணி. நானும் அதோட முதுகைப் பார்த்ததே இல்ல” என்றார்.

கற்களில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை முதலில் கழுவினேன். பிசுக்கு சில குறைகளை மறைக்கும், இல்லாத குறைகளையும் காட்டும். பிறகு வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்து நிறம் பார்த்தேன். கடை விளக்கில் பார்த்தால் எல்லாக் கல்லும் அழகுதான். குன்னூரில் மேகம் இறங்கிய காலை வெளிச்சத்தில் எந்தக் கல்லும் ஏமாற்ற முடியாது. நான் வேலை செய்யும் அறையில்கூட அத்தனை நல்ல வெளிச்சம் இல்லை. கடைசியாக ஒவ்வொன்றையும் இடுக்கியில் பிடித்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் உருப்பெருக்கியில் பார்த்தேன். நடுவில் கரும்புள்ளி எதிலும் இல்லை. ஒன்றில் மட்டும் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மெல்லிய விரிசல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் அழுத்தினால் கல் உடையலாம். மற்றவை அருமையான கற்கள்.

மறுநாள் பாக்டரிச் செய்தியோடு வந்த அப்பா, சட்டையைக்கூட மாற்றவில்லை.

“கல்லு ஊட்டுக்குள்ள வந்து ரெண்டு நாளாகல. பாக்டரிக்குப் பூட்டு. குடுத்துரு.”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க, அந்தக் கல்லு அக்கா காதுல இருபது வருசமா இருந்துச்சு. அப்பெல்லாம் பாக்டரி ஓடுச்சுங்களா இல்லீங்களா?”

“ஓடுச்சு.”

“அப்ப நல்ல கல்லு. கழட்டுனதுதான் தப்பு. திரும்ப யாராவது போட்டுக்கிட்டாத் தெறந்தாலும் தெறப்பாங்க.”

“அப்படீன்னா எங்க மொதலாளி காதுலயே மாட்டி உட்டுர்றேன்.”

“உடுங்க. அவரு மூஞ்சிக்கு எடுப்பாத்தான் இருக்கும்.”

அப்பா சிரித்துவிட்டார், ஆனால் சம்மதிக்கவில்லை. மூன்று நாள் வைக்கும் வழக்கத்தை அம்மா கேலி செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். நானாக இருந்தால் அது மூடநம்பிக்கை என்று தொடங்கியிருப்பேன். அத்தோடு பேச்சு முடிந்திருக்கும். அம்மா அதே வழக்கத்துக்குள் நின்று கல்லுக்காக வாதாடினார்.

மூன்றாம் நாள் காலையில் பெரியம்மாவே வந்தார். பாக்டரிச் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. உட்காரவில்லை.

“கல்லைக் குடுத்துரு கண்ணு” என்றார் அம்மாவிடம். “திரும்ப எடுத்துக்கச் சொல்லி நீங்களா எப்படிக் கேப்பீங்க? சங்கடமாத்தான் இருக்கும்.”

கொடுத்தால் தோடு விலைபோகாது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே மேட்டிலிருந்து இறங்கி வந்து, ஈரச் செருப்போடு வாசலில் நின்றார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அம்முணி, கல்லுல என்ன குத்தம்?”

“ஒரு கல்லுல ஓரமா விரிசல் இருக்குதுங்கப்பா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப அதுக்கு மட்டும் வெலையக் கொறைச்சுக்கிட்டு வாங்கிக்க. பாக்டரி தேயிலை விக்காமத்தான் மூடுது. உக்காருங்கக்கா, காப்பி குடிச்சுட்டுப் போலாம்.”

பெரியம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். விரிசல் கல்லை விலையில் சேர்க்கவே வேண்டாம் என்று அம்மாவோடு சண்டை பிடித்தார். அதில் மட்டும் அவர் தோற்றார்.

தோடு இப்போது என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் திறந்திருக்கும்படி புதிதாகக் கட்டியிருக்கிறேன். கல்லைக் கவ்வும் பிடி விரிசல் உள்ள பக்கத்தில் அழுத்தாதபடி அந்தக் கல்லைத் திருப்பி வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் மகள் கடைசி வருடம் படிக்கிறாள். பாக்டரியை முழுதாக மூடவில்லை, வாரத்தில் சில நாள் மட்டும் ஓடுகிறது. இலை விலை இன்னும் ஏறவில்லை.