கழுவின ரியாக்டரில் நீலம் வரவில்லை

பெயிண்டுக்கு அக்ரிலிக் எமல்ஷன் காய்ச்சும் தொழிலில், விளையும் பயிர் முளையிலேயே தெரிந்துவிடும். ரியாக்டர் என்கிற பெரிய கொப்பரையில் இருக்கும் சோப்பு கலந்த வெந்நீரில் மோனோமர் என்கிற நாற்றம் பிடித்த திரவத்தின் முதல் பங்கை விட்டுக் கேட்டலிஸ்ட் போட்டால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பிறந்து, லேசாக நீலம் ஓடும். ஓடாவிட்டால், ஷிப்ட் பார்த்த சகோதரர்களே, அன்றைக்குச் சோறு இறங்காது.

பஸ்ஸில் மரியாதை

எங்கள் ஆலை பாகலூர் ரோட்டில் இருந்தது. எத்தனை சோப்பு தேய்த்துக் குளித்தாலும் மோனோமர் வாசனை போகாது. ஒரு நாள் நானும் ஆபரேட்டர் நாகராஜும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். அவர் எல்லையோரத் தளிக்காரர், பேச்சில் பாதி கன்னடம். நிற்க இடமில்லாத கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு தானாக விலகியது. நாகராஜுக்கு ஒரே சந்தோஷம். "நோடி சார், எம்.எல்.ஏ. வந்தாக்கூட இவ்ளோ மரியாத கெடைக்காது!"

கண்ணாடி மாதிரி

பெங்களூர் பெயிண்ட் கம்பெனி ஒன்று எங்களிடம் வாங்க யோசித்தது. அவர்கள் கண்முன் ஒரு பேட்ச் போட்டுக் காட்ட வேண்டும். அந்த ஆர்டர் வந்தால்தான் இரண்டாவது ஷிப்டுக்கு வேலை நிலைக்கும். நாகராஜ் அந்த ஷிப்ட். வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாதே என்று எங்கள் மேனேஜர், திருநெல்வேலிக்காரர், ரியாக்டரை அடிவால்வு வரை கழற்றித் தேய்க்கச் சொன்னார். தேய்த்து முடித்ததும் உள்ளே எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஏ நாகராஜு, இதுல மொகம் பாத்துச் சவரமே பண்ணலாம் போலிருக்கேடே!"

நீலம் எங்கே?

மறுநாள் அந்தக் கம்பெனியின் கெமிஸ்ட் அம்மா வந்தார், கோயம்புத்தூர்ப் பக்கம். முதல் பங்கு விட்டோம். நீலம் வரவில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் போல வெளுத்தது. சாம்பிளை வடிகட்டினால் வலை நிறையக் கட்டி. நாகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இத்தன நாள் நல்லா வந்துச்சுங்கறீங்க. நேத்து புதுசா என்ன பண்ணுனீங்க?" என்றார் அந்த அம்மா. கழுவினோம் என்றோம். சிரித்துவிட்டார். பிறகு அவர் விளக்கித்தான் புரிந்தது. இவ்வளவு நாளும் அடிவால்வில் தங்கிய பழைய எமல்ஷன்தான் புதுத் துகள்களுக்கு விதையாக இருந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில், துகள் பிறக்க வைக்கும் சோப்பையும் நாங்கள் குறைவாகவே போட்டு வந்திருக்கிறோம்.

ரியாக்டரைக் காலி செய்து, போன பேட்ச் சாம்பிள் கேனை ஊற்றி மறுபடி ஆரம்பித்தோம். நீலம் ஓடியது. நாகராஜ் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. ஆர்டர் உறுதி என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா மேனேஜரிடம் சொன்னார்: "ஒற மோரையும் சேத்துக் கழுவி ஊத்திட்டா, தயிர் எங்கிருந்துங்க வரும்?"

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்களுக்குச் சோறு போட்டதென்னவோ, அதன் பிறகு நாகராஜ் ஒவ்வொரு பேட்சிலும் மறக்காமல் எடுத்துவைத்த ஒரு கேன் மிச்சம்தான்.