ஒரு படி கூட்டி வைத்த புயல்

எனக்குப் பொறாமை உண்டு. கொஞ்சநஞ்சமில்லை, வயிறு எரியும் அளவுக்கு. அதுவும் என்னைவிட இருபது வயது இளைய ஒரு பெண்மீது.

டெல்லியில் புயல் கணிக்கும் அலுவலகத்தில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து. நான் கடலூர்க்காரன். புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன். அவள் இங்கேயே டெல்லி ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கடலில் கால் நனைத்தது மொத்தமே இரண்டு தடவை, அதுவும் கல்யாணத்துக்குப் போன இடத்தில். ஆனால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, புயல் எங்கே போகும், எவ்வளவு வலுவிழக்கும் என்று அவள் சொன்னால் அப்படியே நடக்கும். என் இருபத்தாறு வருஷ அனுபவம் அவள் முன்னால் செல்லாக்காசு. நினைத்தால் மத்தியானச் சோறு இறங்காது. போதாக்குறைக்கு ஆபீசில் 'சார்' என்பவள், மெட்ரோவில் பார்த்தால் 'அங்கிள்' என்பாள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். மதியக் கூட்டத்தில் ஆளாளுக்கு வரைபடத்தில் பென்சிலால் புயல் கரை கடக்கும் இடத்தையும், அப்போது அதன் வலுவையும் குறிக்க வேண்டும். பெரியவர்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாதென்று வயதில் சிறியவர்தான் முதலில் குறிப்பார். ஆகவே எப்போதும் அவள்தான் முதல்.

அந்த நவம்பரில் வங்கக் கடலில் ஒரு தீவிரப் புயல் ஆந்திரக் கரையை நோக்கி வந்தது. காலையில் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மேல்காற்று மேகங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது. மையம் மொட்டையாகத் தெரிந்தது. வறண்ட காற்று வேறு உள்ளே புகுந்திருந்தது. கரைக்கு வருவதற்குள் இது புயலாகவே இருக்காது, வெறும் தாழ்வு மண்டலமாகிவிடும். அப்பாடா, இன்றைக்கு நம் நாள் என்று கூட்டத்துக்குப் போனேன்.

அவள் பென்சிலை எடுத்தாள். "பக்கா வீக் ஆயிடும் சார். கரைக்கு வரும்போது தாழ்வு மண்டலம், அவ்ளோதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நானும் அதையே குறித்தால், சின்னப் பெண்ணைப் பார்த்து எழுதினான் என்பார்களே! கரை கடக்கும் இடம் படத்திலேயே தெளிவாக இருந்தது, அதை மாற்ற வழியில்லை. வலுவை மட்டும் ஒரு படி கூட்டி, புயலாகவே கடக்கும் என்று குறித்தேன்.

"எப்படி சார்?" என்றாள்.

"கடலைப் பாத்து வளந்தவனுக்குத் தெரியும்மா."

பொய். பச்சைப் பொய்.

மேலதிகாரி என் கணிப்பையே வெளியிட்டார். கரையோர ஊர்களைக் காலி செய்து, ஜனங்களைக் குழந்தை குட்டிகளோடு பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். மறுநாள் வந்தது வெறும் தூறல்.

எனக்குத் திட்டு விழவில்லை. குறைத்துச் சொல்லி ஆள் செத்தால்தான் எங்கள் தலை உருளும். கூட்டிச் சொல்பவன் ஜாக்கிரதையான ஆள். மேலதிகாரி அவளைத்தான் எல்லார் முன்னாலும் கண்டித்தார், என்னைக் காட்டி, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று. சரியாகச் சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, மறைப்பானேன்?

அடுத்த மாதமே இன்னொரு புயல். அதுவும் வலுவிழந்துகொண்டிருந்தது, பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவள் பென்சிலோடு வெகுநேரம் நின்றாள். பிறகு, புயலாகவே கடக்கும் என்று குறித்தாள்.

சாயங்காலம் மெட்ரோவில் பக்கத்தில் நின்றாள். கேட்டேவிட்டேன். "நெஜமாவே புயலாத்தான் கடக்கும்னு நெனைக்கிறியா?"

"இல்ல அங்கிள். வீக்தான் ஆகும்."

"அப்புறம் ஏன் அப்படிக் குறிச்சே?"

"கம்மியா சொன்னா திட்டறாங்க. ஒரு படி கூட்டி வெச்சா ஷாபாஷ்ங்கறாங்க. உங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

குத்தலே இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். அவளுடைய ஸ்டேஷன் வந்தது, பை பை சொல்லி இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் எத்தனையோ புயல் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு படி கூட்டித்தான் குறிக்கிறாள். பொறாமைப்பட இப்போது எனக்கு ஆபீசில் ஆளே இல்லை.