என் சமையலைச் சாப்பிட்டவர்

பதினொரு வருஷம் நான் மீன் தொடவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இதெல்லாம் ஒரு தியாகமா என்று கேட்பார்கள். நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, காலையில் பழைய சோற்றுக்கு முந்தின நாள் மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவனிடம் கேளுங்கள். அதுவும் திருவனந்தபுரத்தில், விழிஞ்ஞத்து மீனைச் சுமந்துகொண்டு தினம் காலையில் வாசலுக்கே பெண்கள் வந்து கூப்பிடுகிற தெருவில் குடியிருந்துகொண்டு மீனை விடுவது என்றால் என்னவென்று அவன் சொல்வான்.

என் மனைவியின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தது. சைவம். அவர்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. கல்யாணம் நிச்சயமானபோது யாரும் என்னிடம் எதையும் விடச் சொல்லவில்லை, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். நானாகத்தான் வீறாப்பாகப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் அவளை நிறுத்தி வைத்து, ஒரு தேங்காயை வாங்கி ஓங்கி உடைத்தேன். "இன்னையோட மீன விட்டாச்சு" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணை நம்பித்தான் பதினொரு வருஷத்தை ஓட்டினேன், பாவி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். அலைந்து திரிந்ததில் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையில், மத்தியானத்துக்கு மேல் மட்டும் வேலை கிடைத்தது. வேலை பாதி, சம்பளமும் பாதி. அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஆபீஸ் வேலை. காலையில் ஏழரை பஸ்ஸைப் பிடித்தால்தான் அந்த நெரிசலில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

"காலம்பற வீட்டுல இருக்கது நீங்கதான அல்லே? அடுக்களைய நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. சாப்பாட்டுச் செலவ இறுக்கிப் பிடிக்கணும், கேட்டோ? வாயக் கட்டினாத்தான் வீட்டு லோன் கட்ட முடியும்."

சரி என்றேன். எனக்கு ரோஷம் அதிகம். வேலை போன ஆம்பளை, சமையலிலாவது கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க வேண்டாமா?

வாங்கினேன், அப்படித்தான் நினைத்தேன். சாலைக் கடைத்தெருவுக்குக் காலையில் போகிறவன் ஏமாளி. ராத்திரி கடை கட்டுகிற நேரத்துக்கு, வேலை முடிந்து அந்த வழியாக வருவேன். காய்காரர்கள் மிச்சத்தைத் தூக்கிச் சுமக்க மனமில்லாமல் விலையை இறக்குவார்கள். பூசணியில் அடிபட்ட ஒரு கீற்று, கொஞ்சம் முற்றின வெண்டை, யாரும் திரும்பிப் பார்க்காத வாழைத்தண்டு. தண்டைப் பொடியாக நறுக்கிச் சிறுபயறும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வதக்கித் துவரன் வைத்தால் அதற்கு ஈடு ஏது? பக்கத்து வீட்டில் பலாப்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூரப் போடுவார்கள். நான் கேட்டு வாங்கி, கழுவி, காயவைத்து, மணலில் போட்டு வைத்துக்கொள்வேன். அந்தச் சக்கைக்குருவும் மாங்காயும் போட்ட கறி மழைக்காலம் முழுக்கத் தாங்கும். முருங்கைக்கீரை காம்பவுண்டு மரத்திலேயே இருந்தது. ஒரு பிடி சின்ன வெங்காயத்தையும் வறுத்தரைத்த தேங்காயையும் வைத்துக்கொண்டு நான் வைக்கிற தீயலுக்கு, காய் என்ற ஒன்று தேவையே இல்லை.

நாக்கு சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் மேல் மாடியில் சாளை மீன் பொரிப்பார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை குளியலறை வழியாக வரும். அன்றைக்கெல்லாம் நான் குடம்புளி போட்டு, மீன்குழம்புக்கு அரைக்கிற மாதிரியே மசாலா அரைத்து, மீனுக்குப் பதிலாக வாழைக்காயைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவேன். சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அவள் எதிரே உட்கார்ந்து, "உங்கள நெனச்சாப் பாவமாத்தான் இருக்கு" என்பாள். பாவமாம்!

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் ராத்திரிதான். கடையிலிருந்து வந்ததும் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்பேன், இன்றைக்கு எப்படி என்று. வாரத்தில் ஆறு நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த டப்பாவுக்காகத்தான் சமைத்தேன். ராத்திரி எங்களுக்குக் கஞ்சியும் பயறும் போதும். அவளும் சும்மா 'நல்லா இருந்துச்சு' என்று தள்ளிவிட மாட்டாள். "ஓலன்ல வன்பயறு கொஞ்சம் வேகல." "புளிக்கறிக்கு வெல்லம் ஒரு துளி சேத்தது நல்லா எடுத்துக் குடுத்துச்சு." "கீரைல பூண்டு தட்டிப் போட்டீங்கல்லா, அத இனிமே மாத்தாதீங்க." எவ்வளவு கவனமாகச் சாப்பிடுகிறாள் என்று எனக்குப் பூரிப்பு. கடையில் குத்துவிளக்கு விற்றுக்கொண்டிருக்கும்போதுகூட வன்பயறை எத்தனை மணி நேரம் ஊறவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவள் சொன்னபடி மாற்றி மாற்றித்தான் என் கை படிந்தது.

போன ஆனி மாதம் ஒரு நாள் நல்ல மழை. அவசரத்தில் டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாள். பூசணிக்காய் எரிசேரி, மோர்க்குழம்பு, பப்பாளிக்காய் துவரன். பட்டினி கிடக்கப் போகிறாளே என்று மனசு கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கழக்கூட்டம் பஸ் ஏறினேன்.

ஆபீஸ் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை, போன் செய்தார். மனைவி மீட்டிங்கில் இருக்கிறாளாம். கொஞ்ச நேரத்தில் அவளுடன் வேலை பார்க்கிற ஒரு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், மலையாளி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"சேட்டன் அல்லே? குடுங்கோ, குடுங்கோ! இன்னைக்கு ஊணு இல்லேன்னு ஞான் கரைஞ்சு போயி" என்று டப்பாவைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். அடித்தட்டைத் தொட்டுச் சூடு பார்த்தார். "இன்னைக்கு எந்தாணு? தீயலோ?"

"எரிசேரி" என்றேன். "இது என் மனைவியோட சாப்பாடு."

அவர் சிரித்தார். வஞ்சகமே இல்லாத சிரிப்பு, அதுதான் கொடுமை. "அவளுக்கு என்றெ டப்பா உண்டல்லோ! ரெண்டு வருஷமா ஞங்கள் மாத்தியல்லே சாப்பிடுது? எனக்கு சுகர். டாக்டர் பொரிச்ச மீன், எறச்சி எல்லாம் நிறுத்தச் சொன்னாரு. வீட்டுல மருமகளுக்கு மீன் இல்லாமெ சமைக்கவே அறியாது. அவ வெச்சுத் தந்தத அப்படியே உங்க ஆளுக்குக் குடுக்கும். நெத்தோலி பொரிச்சது கண்டா அவ விடுமோ!"

மழை என் செருப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

"சேட்டன்டெ கை, தெய்வத்தின் கையாணு" என்றார் அந்த அம்மா. "பின்னே ஒரு காரியம். நேத்து கூட்டுல தேங்கா கொஞ்சம் கூடிப்போயி. அவகிட்டே சொல்லி விட்டேனே, சொன்னில்லே?"

"சொன்னா" என்றேன்.

சொல்லியிருந்தாள். முந்தின நாள் ராத்திரி, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கூட்டுல தேங்கா கொஞ்சம் கூடிப்போச்சுங்க" என்று சொல்லியிருந்தாள். நானும் காலையில் எரிசேரிக்குத் தேங்காயைக் குறைத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயது ஆம்பளை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வன்பயறு, வெல்லம், பூண்டு, எல்லாம் அந்த அம்மாவின் நாக்கு. என் மனைவி ஒரு தபால்காரியாக மட்டும் இருந்திருக்கிறாள்.

அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவள் வந்தபோது கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விஷயம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

"நெத்தோலி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கத்தாதீங்க. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! பதினோரு வருஷமா வாழக்காய மீனுன்னு நெனச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன் நான், கேக்கட்டும் ஊருக்கு. எதிர்ல உக்காந்து பாவம்னு சொன்னியேட்டி, எப்படி வாய் வந்துச்சு உனக்கு?"

அவள் பையை இறக்கி வைத்தாள். "மொதல்ல சும்மா ஒரு துண்டு தந்தாங்க. வேண்டாம்னு சொல்ல மொகம் வரல. தின்னேன். பிடிச்சிருந்துச்சு. நான் என்ன செய்யட்டும், பிடிச்சிருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா?" என்று நிமிர்ந்தாள். "சொன்னா நீங்க மறுநாளே மீன் வாங்கிட்டு வந்து நிப்பீங்க. நெய்மீன் என்ன விலை விக்கின்னு தெரியும்லா? செலவு எங்க நிக்கும்? நான் தின்னதுக்கு ஒரு பைசா செலவு உண்டா?"

எனக்கு அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆக, வீடு சைவமாக இருந்தது சாமிக்காக இல்லை, அவள் அப்பாவுக்காக இல்லை, எனக்காகவும் இல்லை. என் வாயைக் கட்டிய காசில் லோன் ஓடியிருக்கிறது. அவள் வாய்க்கு என் சமையலே விலையாகப் போயிருக்கிறது.

"நான் தேங்கா ஒடச்சேன்" என்றேன்.

"நான் ஒடைக்கச் சொன்னேனா?" என்றாள். உடனே அவளுக்கே அது பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். இனிமேல் டப்பாவை மாற்ற மாட்டேன், நீங்கள் தந்து விடுவதை நானே சாப்பிடுவேன், எங்க அப்பா மேல ஆணை என்றாள். உங்களுக்கு மீன் வேண்டுமென்றால் நாளைக்கே வாங்கலாம், லோன் கிடக்கட்டும் என்றும் சொன்னாள். எனக்கு மீன் வேண்டாம் என்றேன். உண்மையிலேயே வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் கையால் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு என் மனைவி என்ன நினைக்கிறாள் என்று அவள் வாயால் தெரிய வேண்டும். அவளை மறுபடியும் நம்ப முடியுமா என்பது அதில்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து பழையபடி ஐந்து மணிக்கு எழுந்தேன். அவளும் ராத்திரி நான் கடையிலிருந்து வந்ததும் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னாள். "நல்லா இருந்துச்சுங்க." மறுநாளும் நல்லா இருந்தது. அதற்கு மறுநாளும். வேகாத பயறு இல்லை, கூடின புளி இல்லை. மூன்று வருஷத்தில் இல்லாத அளவுக்கு என் சமையல் திடீரென்று குற்றம் குறையே இல்லாததாக ஆகிவிட்டது. எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள், செய்யக் கூடாத ஒரு வேலையைச் செய்தேன். தீயலில் உப்பே போடவில்லை. துவரனிலும் போடவில்லை. வாயில் வைத்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். என் பங்குக்கு மட்டும் தனியாக உப்பைக் கலந்துகொண்டேன். திட்டு வாங்க வேண்டும் என்று அன்றைக்கு நான் ஏங்கியது போல என்றைக்கும் ஏங்கியதில்லை. என்னங்க இது, வாயில வைக்க முடியல, உங்க புத்தி எங்க போச்சு என்று அவள் சண்டை போட வேண்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுவேன்.

ராத்திரி கடையிலிருந்து வந்தேன். டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லை.

"இன்னைக்கு தீயல் எப்படி?" என்றேன்.

"நல்லா இருந்துச்சுங்க."

"உப்பு?"

"எல்லாம் கரெக்டா இருந்துச்சு" என்று புன்னகை செய்தாள்.

தின்றாளா, கொட்டினாளா, எனக்குத் தெரியாது. தின்றிருந்தால் என் மனசு நோகக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த அம்மா சாப்பிட்டிருந்தால், சேட்டனுக்கு என்ன ஆச்சு, உப்பே இல்லையே என்று ஒரு வார்த்தை எனக்கு வந்து சேர்ந்திருக்கும். இரண்டு வருஷமாக என் சமையலைப் பற்றி என்னிடம் உண்மை பேசியது, நான் ஒரே ஒரு தடவை மழையில் பார்த்த அந்தப் பெண்மணி ஒருத்திதான்.

டப்பாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். கோபம்கூட வரவில்லை.

"நாளையிலேருந்து இத அந்தச் சேச்சிக்கே குடுத்திரு" என்றேன். "அவங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் அப்படியே வந்து சொல்லு."