முதலாளியைக் கண்டால் நிற்கும் வண்டி

‘நாங்க ஒண்ணுமே பண்ணலைமா’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் நான் எந்த மின்பழுதையும் சரிசெய்ததில்லை; இத்தொழிலில் உழலும் நீங்களும் செய்திருக்க மாட்டீர்கள். அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை; கடை பெரிய காஞ்சிபுரத்தில். வாலாஜாபாத் சாலையிலுள்ள ஒரு திருமண மண்டபத்து வண்டிக்காக ஒரே பருவத்தில் மூன்று முறை போக நேர்ந்தது. அதை ஓட்டுபவர் ஏழுமலை.

சந்தனமும் குங்குமமும்

ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் அழைப்பு. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. பேட்டரியில் மின்னழுத்தம் குறையவில்லை. ஆயினும் அது ஸ்டார்ட்டரைச் சென்றடையவில்லை. மூடியைத் திறந்தேன். பேட்டரியின் இரு முனைகளிலும் கம்பிகளைக் கழற்றி, சந்தனத்தைக் கெட்டியாகப் பூசி, குங்குமமும் வைத்து, மீண்டும் கம்பிகளை இறுக்கியிருந்தார் ஏழுமலை. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்ததும் வண்டி உறுமியது.

“வெளியே எங்காவது பொட்டு வைக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“உயிர் இருக்கிற எடம் அதானேமா? அத்த வுட்டுட்டு டயருக்கா வைப்பாங்க?”

அசல் சரக்கு

இரண்டாம் முறை, வண்டி புல்வெளியின் நடுவே நின்றுபோயிருந்தது. மண்டபத்தின் முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். “வெள்ளிக்கிழமை இங்க ரிசப்ஷன் இருக்குது. இன்னொரு வாட்டி மக்கர் பண்ணுச்சினா வண்டியையும் வித்துடுவேன், இவனையும் அனுப்பிடுவேன்” என்றார். ஏழுமலை தரையைப் பார்த்தார். அவருடைய மூத்த மகள் அவ்வாண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், பாதி கருகிய பொன்னிற இழை ஒன்று இருந்தது. வண்டியின் இரும்புச் சட்டத்தில் உராய்ந்து தோலுரிந்த கம்பியொன்று பழைய ஃபியூஸை எரித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காததால், மனைவியின் தறியிலிருந்த ஜரிகையை முறுக்கிச் செருகியிருக்கிறார் ஏழுமலை. கம்பிக்கு உறையிட்டுப் புதிய ஃபியூஸைப் பொருத்தினேன். வண்டியே தீப்பிடித்திருக்கும் என்று கண்டித்தேன். அவர் முகத்திலோ வருத்தத்தைவிடப் பெருமையே மிகுந்திருந்தது.

“ரெண்டு நாள் ஓடுச்சேமா! அசல் ஜரிகை. டூப்ளிகேட்டா இருந்தா அன்னிக்கே பூட்டிருக்கும்.”

எழுந்து நிற்கும் பழக்கம்

வியாழக்கிழமை காலையில் மூன்றாம் அழைப்பு. “நல்லாத்தான் ஓடுதுமா. முதலாளி வந்தா மட்டும் நின்னுடுது. மத்தியானம் மறுபடி வராராம். அப்பவும் நின்னா நான் கிளம்ப வேண்டியதுதான்” என்றார் ஏழுமலை. சிரிக்க நினைத்தேன், அவர் குரல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஒவ்வோர் இணைப்பையும் சோதித்தேன், குறையில்லை. அவரை ஓட்டச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். முதலாளி வந்தார். ஏழுமலை வணங்குவதற்காக இருக்கையைவிட்டு எழுந்தார், வண்டி நின்றது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் கத்தி நிற்க வேண்டும் என்பதற்காக இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு; உடற்பாரம் விலகினால் அது எஞ்சினை அணைத்துவிடும். மரத்தடியிலிருந்தே அதை உரக்கச் சொன்னேன்.

“அந்த சுவிட்சைப் புடுங்கிடுங்கமா” என்று ஏழுமலை ஓடிவந்து கெஞ்சினார்.

“அதைப் பிடுங்கினால் ஒரு நாள் உங்கள் கால் போய்விடும்.”

“முதலாளி முன்னாடி குந்திக்கினு போறதுக்கு பதிலா, காலே போனாலும் பரவால்லமா.”

முதலாளியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். “உக்காந்துக்கினே ஓட்டுப்பா” என்று அவர் ஆணையிட்டுவிட்டு, வண்டிக்கு எதிரே மூன்று முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, அமர்ந்தே ஓட்டினார். வண்டி நிற்கவில்லை. முதலாளி என்னிடம் வந்தார்.

“வண்டி சரியாயிடுச்சிமா, இவனும் இருக்கட்டும். ஆனா எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்குது; நாளையிலருந்து நான் பின்வாசல் வழியா வந்துக்கறேன்.”

எந்தப் பழுதுபார்ப்புப் படிவத்தையும் முழுமையாக நிரப்பாமல் கோப்பில் சேர்க்காத நான், அந்த ஒரு படிவத்தில் மட்டும் ‘பழுதான பாகம்’ என்ற கட்டத்தை இன்றுவரை காலியாகவே வைத்திருக்கிறேன்.