கரையில் ஒரு ஜோடி செருப்பு

கூட்டேரிப்பட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் ஓர் ஆற்று மடு. சித்திரையில் ஆறே காய்ந்தாலும் அங்கே ஒரு பாறைக்கடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். கல்லூரி விடுமுறை முழுக்க நாங்கள் ஐந்து பேர் அங்கேதான் கிடந்தோம்.

கரையில் ஒருவர் ஆடு மேய்ப்பார். நரைத்த மீசை, தலையில் பச்சைத் துண்டு. நாங்கள் கண்ட இடத்தில் உதறிவிட்டுக் குதிக்கிற செருப்புகளைக் கோலால் தள்ளி, ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

ஒருநாள் நான் யாரிடமும் சொல்லாமல் எதிர்க்கரையில் ஏறி, வெறுங்காலோடு மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பிடுங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நண்பர்கள் நால்வரும் பைக் நிறுத்திய புளியமரத்தடிக்குப் போயிருந்தார்கள். கரையில் என் செருப்பு மட்டும் இருந்தது. ஆடு மேய்ப்பவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கோலால் துழாவிக்கொண்டிருந்தார்.

“எங்கடா போய்க்கினு இருந்த? செருப்பு இங்க இருக்குது, ஆளக் காணோம்!”

கரையேறிப் பச்சைத் துண்டைப் பிழிந்தார்.

“ஒங்களுக்கு நீச்சல் தெரியுமாண்ணே?”

“தெரியாது.”

“அப்புறம் ஏன் எறங்கினீங்க?”

“அதான், செருப்பு இருக்குதேடா” என்றார், எனக்குத்தான் விளங்கவில்லை என்பதுபோல.

இன்றும் எந்தத் தண்ணீரில் குளித்தாலும், ஏறியதும் துண்டைத் தேடுவதற்கு முன் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன். அது கரையில் கிடப்பதைப் பார்த்து யாராவது இறங்கிவிடப் போகிறார்கள்.