வாசலில் நின்ற இரண்டு கார்கள்

பனமலையிலிருந்து செஞ்சிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த என் நைனா, வாசலில் நின்ற இரண்டு கார்களைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டார். இரண்டும் ஒரே மாதிரிக் குட்டிக் கார்கள். ஒன்றுதான் வாடகைக்கு ஓடுகிறது, மற்றது அதற்குச் சாமான் கழற்ற வாங்கிப்போட்ட ஓடாத வண்டி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அறுபதுகளில் ஒரு கார் வைத்திருந்தாலே பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். இரண்டு என்றால் கேட்கவா வேண்டும்! கல்யாணமாகி வந்த மறுநாள்தான் எனக்கே விஷயம் தெரிந்தது.

அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டிருந்தது. அதைவிடப் பளபளப்பாக வேறொன்று வந்துவிட்டதாம். நான்கு பேருக்குச் செய்த வண்டியில், அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போக எட்டுப் பேரை அடைப்பார் என் வீட்டுக்காரர். எப்படித் தாங்கும்? ஒவ்வொரு அமாவாசை கழிந்ததும் ஏதாவது ஒன்று போய்விடும். புதுச் சாமான் மெட்ராஸிலும் கிடைக்காது. ஓடாததிலிருந்து கழற்றி ஓடுவதில் மாட்டுவார். காலையில் செல்ஃப் எடுக்காது. நான் தள்ளிவிட்டு வந்துதான் உலை வைப்பேன். வயிற்றுப் பிள்ளையோடும் தள்ளினேன். அலுத்துப்போயிற்று.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தக் காரில் ஒருமுறையாவது அம்மா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். கேட்டால், "இந்த அமாவாச போவட்டும், இட்டுனு போறேன்" என்பார். எத்தனையோ அமாவாசை போயிற்று. நான் பஸ்ஸில்தான் போனேன்.

"கார் இன்னாடி ஆச்சு?" என்பாள் அம்மா.

"சவாரி போயிருக்குது" என்பேன். பொய் சொல்லவும் அலுத்துவிட்டது.

கடைசியில் கியர் உடைந்தது. ஓடாத வண்டியின் கியரை முன்பே எடுத்து மாட்டியாயிற்று. இரண்டையும் பழைய இரும்புக் கடைக்குப் பேசி முடித்தார். வெறும் கூடாக நின்றதை வந்து ஏற்றிப்போனார்கள். ஓடியதை மாடு கட்டி இழுக்க வேண்டும். உள்ளே ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அதில் ஏறி உட்கார என் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஏறிக் குந்து. நேரா புடிச்சா போதும்" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். எத்தனையோ முறை பின்னாலிருந்து தள்ளிய வண்டி. சீட்டு இவ்வளவு மெத்தென்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு அருகே வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவள் எழுந்து நின்று சிரித்தாள். "இன்னாக்கா, கார்ல ஏறிட்ட! அம்மா ஊட்டுக்கா?"

"ஆமா" என்றேன்.

மாடுகளோடு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.