நீலம் மாட்டாத படகு

கண்ணாடிக் குடுவையில் படகுத்துறைத் தண்ணீரை மொண்டுவந்து, கடை ஜன்னலில் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கத்திரியக்கா அன்றைய முதல் தலையில் கை வைப்பார். கலங்கல் அடியில் இறங்கியிருக்கிறதா, இல்லை இன்னும் மிதக்கிறதா என்று வெட்டுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்ப்பார். நாற்காலியில் இருப்பவர் அதுவரை கழுத்தைச் சாய்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான். யாராவது முனகினால், "ஒங்க முடி எங்கயும் ஓடிடாது. தண்ணிதான் நேரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்பார்.

கடை துறைக்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தண்ணீர் தெளிக்கும் குப்பி, கூட்டிக் குவித்த முடி. ஆண், பெண் என்ற பேதம் அங்கே கிடையாது. எப்படி வெட்டச் சொன்னாலும் சொன்னதைவிட ஒரு விரல்கடை குட்டையாகத்தான் வெட்டுவார். "காத்து பூந்து போகட்டும்" என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். நான் பல வருஷமாகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். என் காதுகள் இரண்டும் வெயில் பட்டுக் கறுத்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் ஆனால் கடைக்குள்ளேயே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வார்களை இறுக்கிக்கொண்டுதான் ஷட்டரை இழுப்பார். அந்தக் கோலத்தோடு சாலையைக் கடப்பார். பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குக் கையாட்டுவார். நீச்சல் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டார். "நீச்சல் தெரிஞ்சா தைரியம் வந்துடும் தம்பி. தைரியம் வந்தா சட்டை போட மாட்டேன். போய்ச் சேர்ந்துடுவேன்." 

அவருடைய படகு சின்னது. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் யாரையாவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ சலித்துப்போய் விற்றதை வாங்கி, பெயின்ட் கடையில் மலிவாகக் கிடைத்த பழுப்பை அடித்து வைத்திருக்கிறார். அது நிற்பது துறையின் முன்வரிசையில், கல்படிகளை ஒட்டி. அங்கே விளிம்பு நெடுக ஒரு தடித்த மரக்கட்டை பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படகுக்கும் நேரே அந்தக் கட்டையின் மேல் ஓர் எண் தகடு திருகியிருக்கும். தகடு எங்கேயோ, படகு அங்கே. வெள்ளை வெளேரென்று நிற்கும் பெரிய படகுகளுக்கு நடுவே இந்தப் பழுப்பு நிற்பது படகுச் சங்கத்துக் கமிட்டிக்குக் கண்ணில் விழுந்த தூசி.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. மாமா, அக்காவின் வீட்டுக்காரர், லாரி ஓட்டியவர். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இடையில் எத்தனை குழி என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் படகு என்றால் வயிற்றைப் புரட்டும். ஏறவே மாட்டார். அக்கா படகை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரின் நடுவில் நங்கூரம் போட்டு உட்காருவார். மாமா கல்படியில் உட்கார்ந்து, இங்கிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் இருவரும் உலாவப் போகும் முறை இதுதான். அப்படி இருந்த மனிதருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். இருட்டத் தொடங்கினால் மாமாவுக்குப் படகும் தெரியாது, அக்காவும் தெரியாது. ஆனாலும் வந்து உட்காருவார், தண்ணீர் இருக்கும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. துறையோரத்தில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார்கள். சாப்பிட வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமாம். முன்வரிசைப் படகுகள் எல்லாம் அடிப்பகுதியில் நீருக்குள் எரியும் விளக்கு மாட்ட வேண்டும், அதுவும் நீலமாக. மாட்டாதவர்கள் பின்வரிசைக்குப் போகலாம். பின்வரிசைப் படகுகள் மறுபக்கமாகத்தான் வெளியே போகும்; அந்தப் பக்கம் கல்படியிலிருந்து தெரியாது. அங்கே போக மிதவைப் பலகைகள் மேல் நடக்க வேண்டும். என் மச்சானுடைய படகு அங்கேதான் நிற்கிறது. நல்ல கண் இருக்கிற நானே அந்தப் பலகைகளில் குடிகாரன் மாதிரித்தான் போவேன். மாமாவால் ஓர் அடி வைக்க முடியாது. படகு பின்னால் போனால் அவர்களுடைய சாயங்காலம் போயிற்று.

அக்கா பணியவில்லை, முறைக்கவும் இல்லை. விளக்கு வாங்கக் கிளம்பிவிட்டார். வாங்கிவந்த முதல் விளக்கை ஆசை தாங்காமல் கடையிலேயே எரியவிட்டார். கண்ணாடிக்கு மேல் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். ஒரு தலை வெட்டி முடிப்பதற்குள் கருகிய வாடை வந்தது. நீருக்குள் எரிய வேண்டிய விளக்கு அது. சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் அதன் சூடு தணியும். வெறுங்காற்றில் விட்டால் தன்னைத்தானே பொசுக்கிக்கொள்ளும். செத்துப்போன அந்த விளக்கு இன்றைக்கும் அதே ஆணியில் தொங்குகிறது. "தூக்கிப் போடேன்" என்று மாமா சொன்னதற்கு, "எதுக்கு? என் அவசரம் எனக்குத் தெரிய வேணாமா?" என்றாராம்.

இரண்டாம் தடவை உஷாராகிவிட்டார். விளக்குக் கடைக்காரரிடம் மல்லுக்கட்டி, வெள்ளை, நீலம், பச்சை என மூன்றையும், மாமா கண்ணுக்கு எது தெரிகிறது என்று பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிவந்தார். துறைத் தண்ணீரைப் பெரிய வாளியில் நிரப்பி, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கி, கடையை இருட்டாக்கினார். முடிவெட்டும் நாற்காலியில் மாமா. முடி பாதி வெட்டிய நிலையில் மற்ற நாற்காலியில் நான். முதலில் வெள்ளை. கலங்கல் தண்ணீரில் அந்த வெளிச்சம் போன வேகத்தில் திரும்பிவந்து எங்கள் முகத்திலேயே அடித்தது. மாமா கண்ணைப் பொத்திக்கொண்டார். அடுத்து நீலம். மாமா வாளிப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சா?" என்றார் மாமா.

"போட்டு எவ்ளோ நேரமாச்சு" என்ற அக்காவின் குரல் இறங்கிப்போனது. அந்த மனுஷிக்குக் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பச்சை. மாமா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். கையை நீட்டினார். வாளிக்குள் முழங்கை வரை விட்டு, தடவாமல், தேடாமல், நேராக விளக்கைத் தொட்டார். சட்டைக் கை நனைந்து சொட்டியது.

"பச்சை" என்றார். "இத மாட்டு."

மாட்டும்போதும் சண்டைதான். படகின் பின்புறத்தில் பெரிய துளை போட்டு, உள்ளிருந்து பதிக்கிற விளக்குதான் அந்தஸ்து என்று மெக்கானிக் ஆசை காட்டினார். "நீச்சல் தெரியாதவகிட்ட வந்து படகுல ஓட்டை போடலாங்கறியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டு, பலகையின் மேலேயே திருகி ஒட்டுகிற வகையைத்தான் வாங்கினார். வயருக்கு ஒரு சின்னத் துளை, அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே. விளக்கு இரண்டு, நீருக்கு ஒரு சாண் கீழே, சுழலும் விசிறியிலிருந்து தள்ளி. கிட்டே வைத்தால் அது கிளப்பும் நுரை வெளிச்சத்தைத் தின்றுவிடும். விளக்கின் முகத்தில் பாசி படியாமல் இருக்கப் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தேய்ப்பார். கத்தி போட்டுச் சுரண்டினால் கீறல் விழுமாம். "கன்னம் மாதிரிதான். மேல்தோல் போனா பளபளப்பு போச்சு."

ஓட்டும்போது மட்டும் அவற்றை எரியவிட மாட்டார். படகுக்கு வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு என்பது விதியாம்; எதிரே வருகிற படகுக்காரர் தண்ணீரில் பச்சையைப் பார்த்து, இந்தப் படகின் எந்தப் பக்கம் எது என்று குழம்பிவிடுவார் என்பார். நடுவில் போய் நங்கூரம் இறங்கிய பிறகுதான் சுவிட்சைத் தட்டுவார். படகுக்கு அடியில் பச்சையாக ஒரு வட்டம் விரியும். குஞ்சு மீன்கள் வந்து மொய்க்கும். படியில் உட்கார்ந்திருக்கும் மாமா கையை உயர்த்துவார். அக்காவும் கையை உயர்த்துவார். அக்காவின் கை மாமாவுக்குத் தெரியாது. அதனால் என்ன, உயர்த்துவார்.

கமிட்டிச் செயலாளர் கெட்டவர் இல்லை. நாகரிகமானவர், எல்லோரையும் மேடம், சார் என்றுதான் பேசுவார். ஆனால் ஒரு விஷயத்தை எழுதிவிட்டால் எழுதினதுதான். மாதாமாதம் அக்காவிடம் வந்து தலைக்குச் சாயம் பூசிக்கொள்வார். அன்றைக்கும் தலை முழுக்கக் கறுப்புச் சாந்தோடு, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் வார இதழோடு நான் மற்ற நாற்காலியில்.

"மேடம், எல்லாரும் நீலம் போட்டுட்டாங்க. நீங்க மட்டும் பச்சை. வரிசையே கெட்டுப் போகுது."

"கெடட்டும்."

"இந்த வாரக் கடைசிக்குள்ள மாத்தணும். இல்லேன்னா பின்வரிசைதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்க வீட்டுக்காரருக்கு நீலம் தெரியாது சார். சொன்னேன்ல."

"புரியுது மேடம். வழி தெரியலேன்னா அவருக்கு நல்ல டார்ச்சா ஒண்ணு வாங்கிக் கொடுங்களேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தார். செயலாளர் எழுந்து போகலாம் என்று பார்த்தார். தலையில் சாந்தோடு எங்கே போவது? உட்கார்ந்துகொண்டார்.

"அவருக்கு வழி தெரியறதுக்கு இல்ல சார்" என்றார் அக்கா. "நான் தெரியறதுக்கு. டார்ச்ச அவர் கையில குடுத்தா அவருக்கு என்ன தெரியும்? டார்ச்சுதான் தெரியும். நீலம் மாட்ட மாட்டேன். பின்னாடியும் போக மாட்டேன். ஒங்களால ஆனதப் பாருங்க."

அக்கா பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்தார். சாயம் காய்ந்ததும் கழுவி, துவட்டி, காதோரத்தில் வழிந்த கறையைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, ஒரு குறை சொல்ல முடியாதபடி முடித்து அனுப்பினார். கோபத்தை வேலையில் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. என் தலையில் மட்டும் அன்றைக்கு இரண்டு விரல்கடை போயிற்று.

கெடு முடிந்த சாயங்காலம் செயலாளர் சொன்னபடியே வந்தார். ஒரு கையில் பின்வரிசை எண் தகடு, மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். கருகருவென்று முடி. அக்கா அப்போதுதான் நடுவிலிருந்து திரும்பிவந்து, கயிற்றைக் கட்டி முடித்திருந்தார். கட்டியதும் மறுபடி சுவிட்சைத் தட்டினார். படகுக்கு அடியில் பச்சை விரிந்து, கல்படிகளின் கடைசி வரிசை வரை வந்து அலைந்தது. இரண்டு பக்கமும் நீலம், நடுவில் இது. வரிசை கெட்டுத்தான் இருந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

"மேடம், விளக்க அணைச்சிட்டுக் கொஞ்சம் தள்ளிக்கங்க. தகட்ட எடுக்கணும்" என்று செயலாளர் மரக்கட்டையை நோக்கிக் குனிந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மேலே, படியில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்துக் கேட்டார். "என்னங்க, எரியுதா?"

"எரியுதே" என்றார் மாமா.

அக்கா மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், மரக்கட்டை மேல், தன் எண் தகட்டின் மேல், அப்படியே உட்கார்ந்துவிட்டார். செயலாளர் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். "மேடம்" என்றார். இன்னொரு தரம் "மேடம்" என்றார். அக்கா கால்களைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மாமா எழுந்தார். கைத்தடியைப் படியிலேயே விட்டுவிட்டு, பச்சையைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கிவந்தார். பக்கத்தில் வந்து நின்று, கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தார். அக்கா அவருக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தார், தகட்டின் ஓரம்கூட வெளியே தெரியாத அளவுக்கு மட்டும்.